எண்ணிக்கையும் இயல்பும்: தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் வளர்ப்பு

ரத்த ஸ்டெம் செல்லுக்கு இரண்டு திறன்கள் உண்டு. பகுப்படையும்போது தன்னை ஒத்த இன்னொரு ஸ்டெம் செல்லை உண்டாக்குவது ஒன்று. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு என்று ரத்தத்தின் எல்லாச் செல்களுக்கும் பிறப்பிடமாக இருப்பது மற்றொன்று. முதலாவது தற்புதுப்பிப்பு, இரண்டாவது வேறுபாடடைதல். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்திருந்தால்தான் அது ஸ்டெம் செல். ஆய்வகத்தில் இந்தச் செல்லை வளர்ப்பவர்களின் முழுச் சிக்கலும் இந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது: எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும், பெருக்கும்போது முதல் திறன் தொலையாமலும் காக்க வேண்டும்.

கருவில் ரத்த உற்பத்தி நெடுங்காலம் கல்லீரலில் நடக்கிறது. பிரசவம் நெருங்கும் வேளையில் ஸ்டெம் செல்கள் அங்கிருந்து எலும்பு மஜ்ஜைக்கு இடம்பெயர்கின்றன. அதனால் பிறக்கும் குழந்தையின் ரத்த ஓட்டத்தில், வளர்ந்தவர்களின் ரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக அவை காணப்படுகின்றன. கொடியை வெட்டிய பிறகு தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடும் ரத்தம் குழந்தையின் ரத்தமே. சுமார் 100 மில்லிலிட்டர் அளவுள்ள அந்த ரத்தம் நெடுநாள் பிரசவ அறையின் கழிவாகவே போய்க்கொண்டிருந்தது.

துறை உருவான வழி

ஸ்டெம் செல் ஊகமாக இருந்த நிலை 1961-ல் மாறியது. டொரொண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினர். அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் எழுந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல் என்பதை 1963-ல் அவர்கள் குழு நிறுவியது. அதே பத்தாண்டில் இஸ்ரேலில் புளுஸ்னிக், சாக்ஸ் ஆகியோரும், ஆஸ்திரேலியாவில் பிராட்லி, மெட்கால்ஃப் ஆகியோரும் ரத்த முன்னோடிச் செல்களை அகார் கூழில் தனித்தனிக் கூட்டங்களாக வளர்க்கும் முறையைக் கண்டனர். 1977-ல் மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டர், மஜ்ஜையின் தாங்குசெல் படலத்தின் மேல் ரத்தச் செல்களைப் பல மாதங்கள் உயிரோடு வைத்திருக்கலாம் என்று காட்டினார். 1984-ல் கர்ட் சிவின் குழு சிடி34 என்ற மேற்பரப்புப் புரதத்தை அடையாளம் கண்டது. இதன் பிறகே ஸ்டெம் செல்களும் அவற்றின் நெருங்கிய சந்ததிகளும் அடங்கிய சிறு பிரிவை மற்ற ரத்தச் செல்களிடமிருந்து பிரித்தெடுப்பது நடைமுறை வேலையானது.

தொப்புள்கொடி ரத்தம் சிகிச்சைக்கு வந்தது 1988 அக்டோபரில். பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோயுள்ள 5 வயதுச் சிறுவனுக்கு, அவனுடைய புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார். அந்த ரத்தத்தைப் பரிசோதித்து உறையவைத்துக் காத்தது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இருந்த ஹால் பிராக்ஸ்மேயரின் ஆய்வகம். சிறுவனின் ரத்த உற்பத்தி மீண்டது. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் பொது வங்கியை ஏற்படுத்தினார். உறவினரல்லாத குழந்தையின் கொடி ரத்தத்தைக் கொண்டு செய்த முதல் மாற்றுச் சிகிச்சை 1993-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கர்ட்ஸ்பெர்க் தலைமையில் நடந்தது.

வளர்ப்பதற்கான தேவை

கொடி ரத்தத்துக்குச் சில தனிச் சிறப்புகள் உண்டு. அதிலுள்ள நோயெதிர்ப்புச் செல்கள் முதிராதவை. ஆகவே எச்எல்ஏ (திசு வகை) பொருத்தத்தில் ஓரளவு குறை இருந்தாலும் மாற்றுச் சிகிச்சை செய்ய முடிகிறது. உறைநிலையில் தயாராக இருப்பதால் கொடையாளரைத் தேடி, அவர் சம்மதித்து, மஜ்ஜை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலப்பு வம்சாவளியினருக்கும் கொடையாளர் பதிவேடுகளில் குறைவாக இடம்பெற்ற சமூகத்தினருக்கும் இது பெரிய ஆறுதல். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஒரு கணக்கின்படி, முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு 75 சதவீதம். தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு வெறும் 16 சதவீதம்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: அளவு போதாது. மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளியின் உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி உட்கருச் செல்கள் தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 25 கோடி செல்கள் போதும்; சாதாரண யூனிட் (ஒரு குழந்தையிடமிருந்து சேகரித்த கொடி ரத்தம்) ஒன்றே தாங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 175 கோடி வேண்டும். பெரும்பாலான யூனிட்டுகளில் அவ்வளவு இருப்பதில்லை. அந்த உட்கருச் செல்களிலும் சிடி34 உள்ளவை சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அவற்றுள்ளும் உண்மையான ஸ்டெம் செல் மிக அரிது. டொரொண்டோவில் ஜான் டிக் குழு 1997-ல் எலிச் சோதனையில் கணக்கிட்டபோது, கொடி ரத்தத்தின் ஒற்றை உட்கருச் செல்களில் 9.3 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே எலியின் மஜ்ஜையில் குடியேறி ரத்தம் உண்டாக்கும் செல் இருந்தது.

செல்கள் குறைவானால் ரத்த மீட்சி தாமதமாகும். கீமோதெரபியும் கதிர்வீச்சும் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டிருக்கும். புதிய மஜ்ஜை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்கும்வரை அவருக்குப் பாக்டீரியாவோடும் பூஞ்சையோடும் போராட ஆளில்லை. வயது வந்தவர்களுக்குக் கொடி ரத்தத்தில் இந்த இடைவெளி பெரும்பாலும் மூன்று வாரத்தைத் தாண்டுகிறது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. மின்னசோட்டாவில் ஜான் வாக்னர், ஜூலியட் பார்க்கர் ஆகியோர் ஒரே நோயாளிக்கு இரண்டு யூனிட்டுகளைச் சேர்த்துச் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். பெரியவர்களுக்கும் கொடி ரத்தத்தைப் பயன்படுத்த அது வழிதிறந்தது. ஆனால் சில வாரங்களில் இரண்டில் ஒரு யூனிட்டே பெரும்பாலும் நிலைக்கிறது. மீட்சியின் வேகமும் போதிய அளவு கூடவில்லை. ஒரு யூனிட்டில் உள்ள ஸ்டெம் செல்களை வெளியிலேயே பெருக்கிக்கொள்ளும் முயற்சிக்கு இதுவே காரணம்.

சேகரிப்பும் வரவும்

வளர்ப்பின் தரம் பிரசவ அறையிலேயே தீர்மானமாகத் தொடங்குகிறது. கொடி இறுக்கிக் கட்டப்பட்டு வெட்டப்பட்டதும், கொடிச் சிரையில் ஊசி செலுத்தி, உறைவெதிர்ப்பான் கலந்த பையில் ரத்தம் வடிக்கப்படுகிறது. கொடியை உடனே கட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்வதே முதல் உரிமை. சேகரிப்புக்காக அந்த நேரத்தைச் சுருக்குவது தவறு. காத்திருந்தால் பையில் விழும் அளவு குறையும். அதை ஏற்றுக்கொண்டுதான் நல்ல வங்கிகள் இயங்குகின்றன.

தாயின் சம்மதம், தாயின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ் போன்றவற்றுக்கான சோதனை, குடும்பத்தில் பரம்பரை ரத்தநோய் உண்டா என்ற விசாரணை எல்லாம் யூனிட்டோடு சேர்ந்து வர வேண்டியவை. சொந்தக் குழந்தைக்காகவே கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. காரணம் எளிது. பரம்பரை நோயென்றால் அதே மரபணுப் பிழை அந்த ரத்தத்திலும் இருக்கும். குழந்தைப் பருவ லுகேமியாவில் நோயின் தொடக்கநிலைச் செல்களே அதில் கலந்திருக்கக்கூடும்.

ஆய்வகத்துக்கு வரும் பையில் முதலில் பார்ப்பது கட்டிகளை. உறைவெதிர்ப்பான் சரியாகக் கலக்காத பையில் சிறு உறைகட்டிகள் தென்படும். ஸ்டெம் செல்களும் அவற்றுக்குள் சிக்கிக்கொள்ளும். அடுத்தது நேரம். சேகரித்து ஒரு நாளுக்குள் பிரித்தெடுத்தால் நல்லது. இரண்டு நாளைத் தாண்டிய ரத்தத்தில் உயிருள்ள செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. வங்கியிலிருந்து வரும் யூனிட் என்றால் அது டைமெத்தில் சல்ஃபாக்சைடு கலந்து, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி என்ற வேகத்தில் குளிரூட்டப்பட்டு, திரவ நைட்ரஜனில் காக்கப்பட்டது. அதை வெளியே எடுத்ததும் 37 டிகிரி நீர்த்தொட்டியில் விரைவாக உருக்க வேண்டும். உருகிய பிறகு மெதுவாக நீர்க்க வேண்டும். உறையவைப்பது நிதானமாக, உருக்குவது வேகமாக, நீர்ப்பது மறுபடி நிதானமாக என்பது இத்தொழிலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் வரிசை. உருக்கும்போது இறந்த செல்களிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ பசைபோல மற்ற செல்களை ஒட்டவைத்துவிடும். டிஎன்ஏஸ் நொதி சிறிதளவு சேர்த்தால் அந்தத் திரட்சி கரையும்.

பிரித்தெடுத்தல்

ரத்தத்தை நீர்த்து, மில்லிலிட்டருக்கு 1.077 கிராம் அடர்த்தியுள்ள ஃபிக்கால் கரைசலின் மேல் கலந்துவிடாமல் மெல்லப் படியவிடுகிறார்கள். சென்ட்ரிஃபியூஜில் சுமார் அரை மணி நேரம் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கும். பிளாஸ்மா மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒற்றை உட்கருச் செல்கள் மெல்லிய வெண்படலமாகச் சேரும். சுழற்சி நிற்கும்போது பிரேக் போடக் கூடாது. போட்டால் படலம் கலைந்துவிடும். கொடி ரத்தத்தில் பெரியவர்களின் ரத்தத்தில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. உட்கருவுள்ள இளம் சிவப்பணுக்கள் அதில் நிறைய இருப்பதால் அவையும் வெண்படலத்தோடு வந்துவிடுகின்றன. படலம் இளஞ்சிவப்பாக இருந்தால் அம்மோனியம் குளோரைடு கரைசலால் சிவப்பணுக்களைச் சிதைத்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்த கட்டத்தில் சிடி34-ஐப் பற்றும் ஆன்டிபாடியோடு இணைந்த நுண் காந்த மணிகள் செல்களுடன் கலக்கப்படுகின்றன. காந்தப் புலத்தில் வைத்த நிரலின் வழியே விட்டால், மணி ஒட்டிய செல்கள் உள்ளே தங்க, மற்றவை வழிந்து வெளியேறும். காந்தத்தை அகற்றிவிட்டுத் தங்கியவற்றைக் கழுவி எடுக்கலாம். கைப்பக்குவம் வெளிப்படுகிற இடம் இது. கரைசலில் காற்றுக்குமிழி இருந்தால் நிரல் அடைத்துக்கொள்ளும். எனவே காற்று நீக்கிய குளிர்ந்த கரைசலையே பயன்படுத்துவார்கள். செல்கட்டிகளை வடிகட்டாமல் விட்டாலும் அடைப்பு நேரும். முதல் நிரலில் வந்ததை இரண்டாம் நிரலிலும் விட்டால் தூய்மை நன்றாக உயரும். ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் சிறு பங்கு செல்கள் இழப்பாகும். தூய்மையா, அளவா என்பதை ஒவ்வொரு யூனிட்டுக்கும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு குழந்தையின் கொடி ரத்தத்தை இரண்டாம் முறை சேகரிக்க முடியாது என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் மறப்பதில்லை.

வளர்ப்பு

பிரித்தெடுத்த செல்களை, விலங்குச் சீரம் கலக்காத ஊடகத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 50,000 முதல் 1 லட்சம் என்ற நெருக்கத்தில் விதைக்கிறார்கள். சீரத்தில் என்னென்ன இருக்கின்றன என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். வேறுபாடடைதலைத் தூண்டும் பொருள்களும் அதில் உண்டு. ஊடகத்தோடு மூன்று சைட்டோகைன்கள் (செல்களுக்குச் சமிக்ஞை தரும் புரதங்கள்) அநேகமாக எப்போதும் சேரும்: ஸ்டெம் செல் காரணி, த்ராம்போபொயட்டின், எஃப்எல்டி3 ஈனி. பலர் இன்டர்லூக்கின்-6-ஐயும் சேர்ப்பர். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கரியமில வாயு, நல்ல ஈரப்பதம் உள்ள இன்குபேட்டரில் அவை வளரும்.

இவை தரையில் ஒட்டாமல் மிதந்து வளரும் செல்கள். தொடக்கத்தில் சிறியதாக, உருண்டையாக, விளிம்பு ஒளிர்ந்து காணப்படும். முதல் இரண்டு நாளில் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. உறக்க நிலையிலிருந்து செல் சுழற்சிக்குள் நுழைய அந்த நேரம் தேவைப்படுகிறது. பிறகு பெருக்கம் வேகமெடுக்கும். நுண்ணோக்கியின் கீழ் தினமும் பார்ப்பவருக்கு வளர்ப்பின் போக்கு கண்ணிலேயே பிடிபடும். செல்களின் அளவு பெரிதாவது, உள்ளே துகள்கள் தோன்றுவது, சில செல்கள் கலத்தின் அடியில் ஒட்டிப் பரவுவது ஆகியவை வேறுபாடடைதலின் அறிகுறிகள். அடியில் ஒட்டுபவை பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் ஆகிவிட்டவை.

முதிர்ந்த செல்கள் சும்மா இருப்பதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் ஸ்டெம் செல்களின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. டொரொண்டோவில் பீட்டர் சான்ட்ஸ்ட்ரா குழு இந்தப் பின்னூட்டத்தை ஆராய்ந்து, புதிய ஊடகத்தைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போகும் முறையை உருவாக்கியது. கன அளவு பெருகப் பெருகத் தடுப்புப் பொருள்களின் செறிவு தாழ்ந்தே இருக்கும். சிறு கலங்களில் வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணி, நெருக்கம் கூடாமல் நீர்த்து, இதே பலனைக் கையால் பெறுகிறார்கள்.

பெருக்கத்தின் விலை

சைட்டோகைன்களை மட்டும் கொண்டு பத்து நாளில் மொத்தச் செல்களை நூறு மடங்குக்கும் மேலாகப் பெருக்கலாம். 1990-களில் பல குழுக்கள் இதைச் செய்தன. அந்தச் செல்களை எலிக்குச் செலுத்தியபோது ஏமாற்றமே மிஞ்சியது. நெடுங்காலம் ரத்தம் உண்டாக்கும் திறன் கூடவில்லை. பல நேரங்களில் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்தே இருந்தது. விதைநெல்லையும் குத்திக் களஞ்சியத்தில் அரிசியாக நிரப்பிய வீட்டுக்கு அடுத்த பட்டத்தில் விதைக்க ஒன்றுமில்லாமல் போவதைப் போன்ற நிலை அது.

மஜ்ஜையில் ஸ்டெம் செல் அரிதாகவே பகுப்படைகிறது. அதைச் சுற்றியுள்ள தாங்குசெல்களும் ரத்தநாளச் சுவரும் தாழ்ந்த ஆக்சிஜனும் அதை அமைதியாக வைத்திருக்கின்றன. கலத்தில் அந்தச் சூழல் இல்லை. சைட்டோகைன்கள் பகுப்படையத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு சிக்கல், அடையாளங்களும் நம்பத்தகாதவை ஆகிவிடுவது. புதிய கொடி ரத்தத்தில் சிடி34 இருந்து சிடி38 இல்லாத செல்கள் ஸ்டெம் செல் செறிந்தவை; அவற்றில் 617-க்கு ஒன்று எலியில் நிலைக்கும் என 1997-ல் கணக்கிடப்பட்டது. வளர்ப்பில் சிடி38 தானாகவே மறைந்துவிடுவதால், சாதாரண முன்னோடிச் செல்லும் அதே தோற்றத்தைப் பெறுகிறது. 2011-ல் ஜான் டிக் குழு சிடி49எஃப் புரதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு செல் தனியாகவே எலியின் மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் அளவுக்குத் துல்லியம் கூடியது. வளர்ந்த செல்களுக்கு இபிசிஆர் என்ற புரதம் நம்பகமான அடையாளம் என்று 2017-ல் தெரியவந்தது.

முக்கிய முயற்சிகள்

சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் கொலீன் டெலனி, இர்வின் பெர்ன்ஸ்டைன் ஆகியோர் நாட்ச் என்ற சமிக்ஞை வழியைப் பயன்படுத்தினர். அதன் ஈனியைக் கலத்தின் தரையில் பதித்து 16 நாள் வளர்த்தபோது சிடி34 செல்கள் சராசரியாக 164 மடங்கு பெருகின. 2010-ல் வெளியான அந்த அறிக்கையில், நியூட்ரோஃபில் மீட்சியின் இடைநிலை 26 நாளிலிருந்து 16 நாளாகச் சுருங்கியது. ஆனால் நீண்ட காலத்தில் நிலைத்தது, வளர்க்காமல் கூடவே செலுத்திய இரண்டாம் யூனிட்தான். வளர்த்த செல்கள் ஆபத்தான முதல் வாரங்களுக்குப் பாலமாயின, நிலையான மஜ்ஜையாகவில்லை.

ஹியூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் மஜ்ஜையின் தாங்குசெல்களோடு சேர்த்து வளர்க்கும் வழியை எடுத்தது. 2012-ல் வெளியான முடிவில் மொத்தச் செல்கள் சுமார் 12 மடங்கும், சிடி34 செல்கள் சுமார் 30 மடங்கும் பெருகியிருந்தன. நியூட்ரோஃபில் மீட்சி 24 நாளிலிருந்து 15 நாளானது. இங்கும் நெடுங்கால ரத்தத்தைத் தந்தது பெரும்பாலும் வளர்க்காத யூனிட்டே.

2010-ல் போய்ட்டனோ, குக் ஆகியோர் குழு 1 லட்சம் சிறுமூலக்கூறுகளை மனிதச் செல்களிலேயே நேரடியாகச் சோதித்து ஸ்டெம்ரீஜெனின்-1 என்ற பொருளைக் கண்டது. அது அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தடுக்கிறது. எலிச் செல்களில் இதனால் பயனில்லை. வழக்கம்போல் எலிச் செல்களில் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மின்னசோட்டாவில் நடந்த மருத்துவச் சோதனையில் சிடி34 செல்கள் இடைநிலையாக 330 மடங்கு பெருகின. சில நோயாளிகளில் வளர்த்த யூனிட்டே நிலைத்தும் நின்றது.

மொன்றியலில் கி சோவஜோ குழு 5,280 மூலக்கூறுகளைச் சலித்து, 2014-ல் யூஎம்171-ஐ வெளியிட்டது. எல்எஸ்டி1, கோரெஸ்ட் ஆகியவை சேர்ந்த புரதத் தொகுப்பை அது செல்லுக்குள் சிதையச் செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்தத் தொகுப்பு மரபணுக்களை அடக்கும் வேலையைச் செய்கிறது. அது குறையும்போது ஸ்டெம் செல்லுக்குரிய மரபணுக்கள் வளர்ப்பிலும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. பெருக்கத்தைத் தூண்டுவதைவிட இயல்பைக் காப்பதே இதன் பலம். 7 நாள் மட்டுமே வளர்த்த ஒற்றை யூனிட்டை 22 நோயாளிகளுக்குச் செலுத்திய சோதனை முடிவு 2020-ல் வந்தது. இரண்டாம் யூனிட் துணை இல்லாமலே ரத்தம் நிலைத்தது. இந்தத் தயாரிப்புக்கு 2025-ல் ஐரோப்பிய ஆணையம் நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்கியது.

நிக்கோட்டினமைடு, அதாவது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம், மற்றொரு வழி. சிடி133 உள்ள செல்களைப் பிரித்துச் சுமார் மூன்று வாரம் இதனோடு வளர்க்கிறார்கள். டி செல்கள் அடங்கிய மீதிப் பகுதியைத் தூக்கிப் போடுவதில்லை; உறையவைத்துக் காத்து நோயாளிக்கே தருகிறார்கள், ஏனெனில் தொற்றை எதிர்க்க அவையும் வேண்டும். 125 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில் நியூட்ரோஃபில் மீட்சி 22 நாளுக்குப் பதில் 12 நாளில் கிடைத்தது. கடுமையான தொற்றுகளும் குறைந்தன. 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை ஓமிசர்ஜ் என்ற பெயரில், ரத்தப் புற்றுநோயுள்ள 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது.

சரிபார்த்தல்

வளர்ந்த செல்களைச் சோதிப்பதில் ஒரு படிவரிசை உண்டு. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட அதிக காலம் எடுக்கும், அதிகம் சொல்லும். டிரைப்பான் நீலத்தில் எண்ணுவதற்குச் சில நிமிடம் போதும். எத்தனை செல் உயிரோடு உள்ளன என்பதை மட்டும் அது காட்டும். ஃப்ளோ சைட்டோமீட்டர் சில மணி நேரத்தில் மேற்பரப்பு அடையாளங்களைச் சொல்லும். அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது முன்பே பார்த்த சிக்கல்.

மூன்றாவது, கூட்டச் சோதனை. செல்களைச் சைட்டோகைன் கலந்த மெத்தில்செல்லுலோஸ் கூழில் பரப்பி 14 நாள் வைப்பார்கள். கூழ் பிசுபிசுப்பானது, பிப்பெட்டில் சரியாக அளக்க வராது, தடித்த மழுங்கிய ஊசி பொருத்திய சிரிஞ்சால்தான் எடுக்க வேண்டும். கலங்கள் உலராதிருக்க, திறந்த நீர்க்கலம் ஒன்றைக் கூடவே பெரிய தட்டுக்குள் வைப்பார்கள். இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறிய சிவப்பணுக் கூட்டங்கள் செந்நிறத்திலும், வெள்ளணுக் கூட்டங்கள் நிறமில்லாமல் பரந்தும், பல வகைகளும் சேர்ந்த கலப்புக் கூட்டங்கள் பெரியதாகவும் தெரியும். கலப்புக் கூட்டங்கள் எத்தனை என்பது, வளர்ப்பில் முதிராத செல்கள் எஞ்சியுள்ளனவா என்பதைக் காட்டும். தாங்குசெல் படலத்தின் மேல் ஐந்து வாரம் வைத்து, பிறகும் கூட்டங்களை உண்டாக்கக்கூடிய செல்களை எண்ணுவது அதற்கும் ஒரு படி மேல்.

இறுதிச் சான்று எலி. டி, பி, இயற்கைக் கொல்லிச் செல்கள் மூன்றும் இல்லாத என்எஸ்ஜி எலிகளுக்குக் குறைந்த கதிர்வீச்சு கொடுத்து, செல்களைச் செலுத்தி, 16 வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அதன் பின்னும் மஜ்ஜையில் மனித மைலாய்டு, லிம்ஃபாய்டு செல்கள் இரண்டும் இருந்தால் ஸ்டெம் செல் இருந்ததாகக் கொள்ளலாம். அந்த மஜ்ஜையை எடுத்து இரண்டாம் எலிக்குச் செலுத்தியும் ரத்தம் உண்டானால் தற்புதுப்பிப்பு உறுதியாகிறது. மடங்குக் கணக்கைச் சொல்லும் எந்த அறிக்கையைப் படித்தாலும், அது மொத்தச் செல்லின் மடங்கா, சிடி34-இன் மடங்கா, எலியில் நிலைத்த செல்லின் மடங்கா என்று முதலில் பார்ப்பது துறையினரின் பழக்கம். ஸ்டெம்ரீஜெனின்-1-இன் முதல் அறிக்கையில் வளர்ப்பில் சிடி34 செல்கள் 50 மடங்கு பெருகியிருக்க, எலியில் நிலைத்த செல்கள் 17 மடங்கே கூடியிருந்தன. நோயாளிக்குச் செல்லும் செல்களுக்கு இவற்றோடு பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் சோதனைகளும் உண்டு.

மீதமுள்ள வேலை

தாழ்ந்த ஆக்சிஜன் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படாத வழி. சேகரித்த ரத்தம் சாதாரணக் காற்றைத் தொட்ட சில நிமிடங்களிலேயே ஸ்டெம் செல்கள் பெருமளவில் வேறுபாடடையத் தொடங்குகின்றன என்று பிராக்ஸ்மேயர் குழு 2015-ல் காட்டியது. 3 சதவீத ஆக்சிஜனில் எடுத்துப் பிரித்தபோது கூடுதல் ஸ்டெம் செல்கள் கிடைத்தன. அதைப் பிரசவ அறையில் செய்வது எளிதல்ல. ஊடகத்திலும் மாற்றம் நடக்கிறது. 2019-ல் ஓர் ஆய்வாளர் வட்டம் ஆல்புமினுக்குப் பதிலாகப் பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு எலி ஸ்டெம் செல்களைப் பெருமளவில் வளர்த்துக் காட்டியது. 2023-ல் அதே வட்டம், சைட்டோகைன்களும் ஆல்புமினும் இல்லாமல் மனித ஸ்டெம் செல்களை வளர்க்கும் ஊடகத்தை வெளியிட்டது.

செலவும் ஒரு தடை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக, தூய அறையில், வாரக்கணக்கில் செய்ய வேண்டிய தயாரிப்பு இது. பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர், உடன்பிறந்தாரிடமிருந்து மஜ்ஜை எடுத்து, பின்னர் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்து தரும் எளிய முறை பரவியதால் பல மையங்களில் கொடி ரத்தத்தின் பயன்பாடு குறைந்தது. இருப்பினும் வளர்ப்பு வேறொரு நன்மையையும் தருகிறது. செல்களைப் பெருக்க முடியுமென்றால் யூனிட்டின் அளவு இரண்டாம் பட்சமாகிறது; பெரியது என்பதற்காகப் பொருத்தம் குறைந்ததைத் தேர்வதற்குப் பதில், சிறியதாயினும் எச்எல்ஏ நன்கு பொருந்துவதைத் தேரலாம். முன்பு செல்கள் போதாதென்று ஒதுக்கப்பட்ட யூனிட்டுகளும் பயன்பாட்டுக்கு வருகின்றன. கொடையாளர் பதிவேடுகளில் பொருத்தம் கிடைக்காத சமூகங்களின் நோயாளிகளுக்கு இதனால் தேர்வு விரிகிறது. வளர்ப்பு முறை எலிச் சோதனையிலும் நோயாளியிலும் நிலைத்த செல்களைத் தரும் அளவுக்கு மேம்படும்போதெல்லாம், அவர்களுக்குப் பயன்படக்கூடிய யூனிட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறது.